கொழுக்குமலை ஜீப்பும் ஒரு கறுப்புப் பட்டையும்

கொழுக்குமலைக்குப் போய் வந்தவர்கள் சூரிய உதயத்தைப் பற்றிச் சொல்வார்கள். காலடியில் பாற்கடல் மாதிரி மேகம் பரந்து கிடப்பதைச் சொல்வார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டே குடித்த டீயைச் சொல்வார்கள். நானும் இதையெல்லாம் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதோடு, ஆண்கள் இடுப்பில் கட்டுகிற பெல்ட் அளவே உள்ள ஒரு ரப்பர் பட்டையைப் பற்றியும் சொல்லப் போகிறேன். "இதென்ன, மெக்கானிக் ஷெட் சமாசாரமெல்லாம் நம்ம பத்திரிகையிலே?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! தையல் மிஷினில் பெல்ட் தளர்ந்தால் சக்கரம் சுற்றும், ஊசி இறங்காது. கிரைண்டரில் பெல்ட் போனால் மோட்டார் உறுமும், கல் அசையாது. இதெல்லாம் நமக்குத் தெரியாததா? நான் சொல்லப் போவதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த விஷயம்தான்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கொழுக்குமலை நம் தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூர் தாலுகாவில் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளாவுக்குள் நுழைந்துதான் போக வேண்டும்! போடியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டு; அங்கே மாநில எல்லை. பிறகு பூப்பாறை. ஆனையிறங்கல் அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டே சின்னக்கானல் பக்கம் திரும்பினால் சூரியநெல்லி. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மேலே ஏறினால், மறுபடி தமிழ்நாட்டு மண்ணில் கால் வைக்கிறோம். இந்தக் கடைசிப் பகுதியில் பஸ் கிடையாது, கார் போகாது. நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் மட்டும்தான்.

போடிக்குப் போவது இப்போது சுலபமாகிவிட்டது. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்று போன ரயில், 2023 ஜூன் மாதத்திலிருந்து மறுபடி போடி வரை வருகிறது. ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊராச்சே! வரும்போது கொஞ்சம் ஏலக்காயும் வாங்கிக்கொள்ளலாம்.

போடிமெட்டு ஏறும்போது குழந்தைகளுக்குக் காது அடைக்கும். பெரிய குழந்தைக்கு ஒரு மிட்டாயை வாயில் போட்டுச் சப்பச் சொல்லுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால், விழுங்க விழுங்கக் காது தானே திறந்துகொள்ளும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்; வெறும் வயிறும் கூடாது. இரண்டு இட்லி போதும்.

நாங்கள் நால்வர். நான், என் வீட்டுக்காரர், பதினோரு வயதுப் பையன், ஆறு வயதுப் பெண். சூரியநெல்லியில் முதல் நாள் சாயங்காலமே போய்த் தங்கிவிட்டோம். உதயம் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலை நாலரை மணிக்கே ஜீப் கிளம்ப வேண்டும். டிரைவர் அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தாத்தா காலத்திலேயே தேயிலைத் தோட்ட வேலைக்காக மலை ஏறிய தமிழ்க் குடும்பம். நாங்கள் தங்கிய இடத்திலிருந்து நாலு வீடு தள்ளித்தான் அவர் வீடு. "காலையிலே நீங்களே வீட்டுக்கு வந்துருங்க தாயி, ஒரு வாய் கட்டங்காப்பி குடிச்சிட்டுக் கிளம்பிருவோம்" என்று சொல்லியிருந்தார்.

விடியற்காலை வாசலிலே

நாலேகால் மணிக்குப் போனபோது அவர் ஜீப்பின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி கையில் டார்ச். முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகி, தலைமுடியைக் கொண்டை போட்டு, ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் மாதிரி நின்றார்கள் அந்த அக்கா!

"என்னண்ணே, வண்டியிலே ஏதாவது கோளாறா?" என்றேன்.

"கோளாறு ஒண்ணுமில்லே தாயி. தினமும் பாக்கறதுதான்" என்றவர், உள்ளே கையை விட்டு ஒரு பட்டையை லேசாகத் திருப்பி, அதன் அடிப்பக்கத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். அப்படியே விரலால் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். "நேத்து வரைக்கும் சின்னக் கீறலாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு ஒரு பல்லு போயிருச்சு. மாத்திட்டுத்தான் போகணும்."

எங்கள் வீட்டில் ஒருவருக்கு மணிக்கட்டைப் பார்ப்பதே வேலை. "எவ்வளவு நேரமாகும்ப்பா?" என்றார் அவர்.

"முக்கா மணி நேரம் ஆவும் சார்."

"முக்கால் மணி நேரமா! உதயம் போயிடுமே! அறுந்தா போச்சு? இன்னிக்கு ஒரு நாள் தாங்காதா? போயிட்டு வந்து மாத்திக்கலாமே."

டிரைவர் அண்ணன் கோபப்படவில்லை. "போறதுக்குத் தாங்கிரும் சார். வர்றதுக்கும் தாங்கணுமே! சூரியன் நாளைக்கும் வருவாரு" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துவிட்டார். என்னவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டங்காப்பித் தம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்தார். பையனும் நானும் பானெட் பக்கத்திலேயே நின்றுகொண்டோம். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்கும் சொல்ல ஆசை.

ஒரு பட்டை, மூன்று வேலை

எஞ்சினுக்கு முன்பக்கம், கீழே ஒரு சக்கரம் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போதெல்லாம் அது சுற்றும். கிராங்க் புல்லி என்று பெயர். அதன் மேல் மாட்டிய இந்தப் பட்டைதான் மற்றச் சக்கரங்களைச் சுற்ற வைக்கிறது. ஒன்று, வாட்டர் பம்ப். எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை ஓட வைத்துச் சூட்டை எடுத்து வந்து ரேடியேட்டரில் விடுவது இதுதான். பழைய ஜீப்புகளில் காற்று இழுக்கிற விசிறியும் இதே பம்பின் தண்டில்தான் இருக்கும். அதனால்தான் இதை 'ஃபேன் பெல்ட்' என்கிறார்கள். இரண்டு, ஆல்டர்னேட்டர். பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றுவது. பழைய ஆட்கள் இன்னும் டைனமோ என்றே சொல்கிறார்கள். மூன்றாவதைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல டீசல் ஜீப்புகளில் ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒரு சின்ன பம்ப் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்க வைக்கும் உறிஞ்சு சக்தி அதிலிருந்துதான் வருகிறது.

"பட்டை அந்துருச்சுன்னா பிரேக்கே இருக்காதாண்ணே?" என்று பையன் கேட்டான்.

"பிரேக் இருக்கும் ராசா. ஆனா கல்லு மாதிரி ஆயிரும். ரெண்டு காலையும் வச்சு மிதிக்கணும். எறக்கத்திலே அது நல்லதில்லே."

அதாவது, பட்டை ஒன்று அறுந்தால் தண்ணீர் ஓடாது, விசிறி சுற்றாது, கரண்ட் ஏறாது, பிரேக் கெட்டியாகிவிடும். நாலும் ஒரே சமயத்தில்!

சமவெளியில் ஓடுகிற காரை விட மலை ஜீப்புக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? அதையும் விளக்கினார். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். கொழுக்குமலைப் பாதையிலோ நாலு சக்கரமும் இழுக்க, லோ கியரில், நாம் நடக்கிற வேகத்தில்தான் ஜீப் ஊர்கிறது. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டு முழு மூச்சாக வேலை செய்கிறது. எதிர்க்காற்று என்பதே கிடையாது. விசிறி இழுப்பதுதான் காற்று. அந்த விசிறியோ இந்தப் பட்டையை நம்பி இருக்கிறது.

அவர் பேச்சைக் கேட்டபோது நம் சமையலறைதான் ஞாபகம் வந்தது. மலைமேல் அரிசி வேக நேரமாகும் என்பது நமக்குத் தெரியும். ஏறக்குறைய 7,900 அடி உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரியில் அல்ல, சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடிக்கு உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. குக்கர் வெயிட் மாதிரி அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் சீக்கிரம் கொதிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. எஞ்சின் சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறப்பதும், விசில் அடங்காத குக்கரைத் திறப்பதும் ஒன்றுதான். ஆவியும் கொதிநீரும் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். அரை மணி நேரமாவது ஆற விட்டு, மேல் குழாயைத் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லையென்றால்தான் திறக்கலாம்.

நல்ல பட்டை எது, கெட்ட பட்டை எது?

பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். எஞ்சின் நின்றிருக்க வேண்டும், ஆறியிருக்க வேண்டும், சாவி வண்டியில் இருக்கக் கூடாது. டிரைவர் அண்ணன் வீட்டில் இதற்கு ஒரு சட்டமே இருக்கிறது. சாவி அந்த அக்காவின் இடுப்பு முடிப்பில்தான் இருக்கும்! "சாவி என்கிட்டே இருந்தாத்தான் அவரு உள்ளே கை வைப்பாரு" என்று சிரித்தார்கள்.

மேல்பக்கம் பார்த்தால் எல்லாப் பட்டையும் நல்லதாகத்தான் தெரியும். புடவைக் கடையில் உள்மடிப்பை விரித்துப் பார்க்கிறோமே, அந்த மாதிரி பட்டையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். குறுக்கே கீறல் விட்டிருக்கிறதா? ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா? பல் வைத்த பட்டையானால் எங்காவது பல் உதிர்ந்திருக்கிறதா? பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தால் அதுவும் நல்லதல்ல. வழுக்கிச் சுற்றித் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் பட்டு ஊறிப் பிசுபிசுத்தாலும் மாற்றத்தான் வேண்டும். எண்ணெய் எங்கிருந்து ஒழுகுகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பட்டைக்கும் அதே கதிதான்.

பிறகு இறுக்கம். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நீளமாக இருக்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் தளர்ச்சி. வண்டியைக் கிளப்பும்போது 'கீச்' என்று கத்தும், பேட்டரி விளக்கு எரியும், எஞ்சின் சூடாகும். இறங்கவே மாட்டேனென்று வீணைத் தந்தி மாதிரி விறைத்திருந்தாலும் ஆபத்து. பம்பும் ஆல்டர்னேட்டரும் சுற்றுகிற பேரிங்கை அது தின்றுவிடும். நாடாவை இறுக்கிக் கட்டினால் இடுப்பில் தடம் விழுவது போலத்தான்.

மாற்றுகிற விதம்

ஆல்டர்னேட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தினார். ஒன்று அது ஆடுகிற கீல். இன்னொன்று நீண்ட வளைந்த துளைக்குள் நகர்கிற போல்ட். அக்கா கேட்காமலே அடுத்த ஸ்பேனரை நீட்டினார்கள். போல்ட் தளர்ந்ததும் ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கமாகத் தள்ளினார். பட்டை தொளதொளத்தது. சக்கரங்களிலிருந்து நழுவ விட்டு, விசிறி இறக்கைகளைச் சுற்றி ஒவ்வொன்றாகத் தாண்டி எடுத்தார்.

உடனே புதிதை மாட்டிவிடவில்லை. சக்கரம் ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பார்த்தார். கரகரவென்று சத்தம் வருகிறதா, ஆட்டம் இருக்கிறதா என்று கவனித்தார். பள்ளத்தில் இருந்த செம்மண் பொருக்கைத் துணியால் துடைத்தார். "மண்ணு இருந்தா புதுப் பட்டையையும் அரம் மாதிரி ராவிரும்."

புதுப் பட்டையின் முதுகில் அச்சிட்ட நம்பரும் பழையதன் நம்பரும் ஒன்றுதானா என்று பையனை விட்டுப் படிக்கச் சொன்னார். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை! பிறகு முதலில் கீழ்ச்சக்கரம், அடுத்துப் பம்ப், கடைசியில் ஆல்டர்னேட்டர் என்று மாட்டினார். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பி ஏற்றக் கூடாதாம். வெளியே காயம் தெரியாது. ஆனால் உள்ளே இருக்கிற நூல் அறுந்து, பட்டை சீக்கிரமே போய்விடும். நன்றாகத் தளர்த்தினால் நெம்பவே வேண்டியதில்லை. அப்புறம் ஒரு மரக்கட்டையை நெம்புகோலாக வைத்து ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு போல்ட்டுகளை முறுக்கினார். கட்டைவிரல் பரீட்சை. அரை அங்குலம். சரி!

"தள்ளி நில்லுங்க எல்லாரும்" என்று அக்கா எங்களைப் பின்னால் தள்ளிவிட்ட பிறகுதான் சாவி இடுப்பிலிருந்து வெளியே வந்தது. எஞ்சின் ஐந்து நிமிஷம் ஓடியது. கீச் சத்தம் இல்லை. நிறுத்தி, சாவியை மறுபடி அக்கா கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். புதுப் பட்டை கொஞ்சம் நீளுமாம். ஓரிரு நாள் ஓடிய பிறகு மறுபடி பார்த்து இறுக்க வேண்டுமாம். ஜோடியாக இரண்டு பட்டை போட்ட வண்டிகளில் ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையென்றால் பாரம் முழுவதும் இறுக்கமான புதுசின் தலையில்தான் விழும்.

அக்கா சொன்ன சங்கதி

வேலை முடிகிற சமயத்தில், "நீங்க ஏங்க்கா இந்தக் குளிரிலே எழுந்து வந்து டார்ச் பிடிக்கிறீங்க? பையனை எழுப்பலாமே" என்று கேட்டேன்.

"நானாத்தான் வாரேன்ம்மா" என்று ஆரம்பித்தார்கள். "எம் மூத்தவ வயித்திலே இருந்தப்போ, ராத்திரி வலி எடுத்திருச்சு. அப்ப எங்களுக்குன்னு சொந்த வண்டி கெடையாது. லயத்திலே இருந்தோம். கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஜீப்பைப் புடிச்சுப் போனோம். பாதி வழியிலே டப்புன்னு ஒரு சத்தம். கொஞ்ச தூரத்திலேயே பொகையா வந்து வண்டி நின்னு போச்சு. பாத்தா பெல்ட்டு அந்து தொங்குது. வேற பெல்ட்டும் இல்லே, மாத்தத் தெரிஞ்ச ஆளும் இல்லே. கம்பிளியிலே டோலி கட்டி, நாலு பேரு தூக்கிட்டு நடந்தாங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேரலே. தேயிலைக் காட்டு ஓரத்திலேயே பெறந்துட்டா. கூட வந்த பெரியம்மா ஒருத்திதான் பாத்தா."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "குழந்தை...?"

"நல்லாருக்கா. போடியிலே காலேஜ் படிக்கிறா." சிரித்தார்கள். உடனேயே குரல் தணிந்தது. "ஆனா அந்த ராத்திரி ரெண்டு பேரும் பொழைச்சது சாமி புண்ணியம். சொந்த ஜீப் வாங்கின அன்னிக்கே இவருகிட்டே சொல்லிட்டேன். மலையிலே ஜீப்புதான் பஸ்சு, ஜீப்புதான் ஆம்புலன்சு. எவ புள்ளையோ நம்மளை நம்பி ஏறுவா. தெனம் அதைப் பாக்காம எடுக்கக் கூடாதுன்னு."

திண்ணையிலிருந்த என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து வந்தார். பழைய பட்டையைக் கையில் வாங்கிப் பின்பக்கமாக வளைத்துப் பார்த்தார். கீறல்கள் வாய் பிளந்தன. ஒரு கீறலில் உள் நூலே தெரிந்தது. ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் உதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை!

மலைமேலே

கிளம்பும்போது ஐந்தே கால். தனியார் தேயிலைத் தோட்டத்தின் நடுவே பாதை போகிறது. பாதை என்றா சொன்னேன்? பாறாங்கற்களைக் கொட்டி வைத்த ஓடை என்று சொல்லலாம். அம்மியும் ஆட்டுக்கல்லும் உருண்டு கிடப்பது மாதிரி. ஜீப் ஒரு கல்லில் ஏறி, அடுத்த கல்லில் இறங்கி, பக்கவாட்டில் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்து போகிறது. அப்பப்பா! வயிற்றில் இருந்த காப்பி தயிர் கடைவது போலக் கடைந்துவிட்டது. பெண்ணை மடியில் வைத்து ஒரு கையால் அணைத்து, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் உறுமும் ஒவ்வொரு ஏற்றத்திலும் என் காது கீச் சத்தத்தையே தேடியது. வரவில்லை.

உதயத்துக்கு உச்சிக்குப் போய்ச் சேர முடியவில்லைதான். பாதி வழியில் ஒரு திருப்பத்தில் கீழ்வானம் சிவந்தது. டிரைவர் அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். தேயிலைச் செடிகளின் மேல் பனித்துளி. மலைகளுக்கு நடுவே பஞ்சுப் பொதி மாதிரி மேகம். அதற்கு மேல் குங்குமப் பொட்டாகச் சூரியன் எழுந்து வந்தது. நாங்கள் நாலு பேரும் டிரைவர் அண்ணனும் தவிர அங்கே ஈ, காக்கை இல்லை. உச்சியில் கூட்டத்தோடு பார்ப்பதை விட இதுவே பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

மேலே தேயிலைத் தொழிற்சாலை 1930களைச் சேர்ந்தது. இலையை வாட்டி, உருட்டி, நிறம் மாற விட்டு, உலர்த்தி, சலித்துப் பிரிக்கிற பழைய முறையில் டீத்தூள் செய்கிறார்கள். வாட்டும் இடத்தில் பச்சை இலையின் வாசனை. உலர்த்தும் இடத்திலோ புதுக் காப்பி டிகாக்ஷனை மிஞ்சும் மணம்! அந்தக் காலத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஒரே ஒரு நீளத் தண்டு சுற்ற, அதிலிருந்து பட்டை பட்டையாக இறங்கித்தான் எல்லா இயந்திரமும் ஓடுமாம். அங்கேயும் பெல்ட்தான்!

மலை விளிம்பில் நின்று பார்த்தால், கீழே குரங்கணி. அதற்கு அப்பால் போடிச் சமவெளி. பக்கத்து மலையில் இருக்கும் டாப் ஸ்டேஷனுக்கு ஒரு கதை உண்டு. மூணாறுத் தேயிலையைக் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவர 1902-ல் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1908-ல் அது சின்ன ரயில் பாதையானது. அங்கிருந்து கம்பி வடத்தில் கட்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கீழே இறக்கினார்கள். 1924-ல் வந்த பெருவெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. மலையில் மனிதர் வாழ்க்கை எப்போதும் ஒரு வடத்தையோ, ஒரு கயிற்றையோ, ஒரு பட்டையையோ நம்பித்தான் தொங்குகிறது போலும்!

இறங்கும்போதுதான் பிரேக்கின் அருமை தெரிந்தது. கியரிலேயே வண்டியைப் பிடித்து, நடுநடுவே பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறக்கினார். லேசான மிதிக்கே ஜீப் பசு மாதிரி நின்றது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை

கர்ப்பிணிகள், முதுகுவலி உள்ளவர்கள், கழுத்து நிற்காத குழந்தை வைத்திருப்பவர்கள் இந்தப் பாதையைத் தவிர்த்துவிடுங்கள். காதை மூடும் குல்லாய், ஸ்வெட்டர், குடிக்க வெந்நீர், குழந்தைக்கு மாற்றுத் துணி கட்டாயம் வேண்டும்.

எந்த மலைக்கு ஜீப் பிடித்தாலும், ஏறுவதற்கு முன், "அண்ணே, பெல்ட்டைப் பாத்தீங்களா? கையிலே வேற பெல்ட் இருக்கா?" என்று கேளுங்கள். நல்ல டிரைவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பானெட்டைத் திறந்து காட்டுவார்.

சொந்தமாகப் பெரிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. புது வண்டிகள் பலவற்றில், அடிப்பக்கம் நீளவாக்கில் வரி வரியாக இருக்கும் ஒரே நீளப் பட்டை, ஏ.சி., ஆல்டர்னேட்டர் என்று பலவற்றையும் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து சுற்றிக்கொண்டு போகும். ஸ்பிரிங் வைத்த ஒரு சக்கரம் அதைத் தானே இறுக்கிப் பிடித்திருக்கும். இந்த ரகப் பட்டையில் கீறல் சுலபமாகத் தெரியாது. வரிகள் ஆழம் குறைந்து தேய்ந்துவிடும். அதனால் சர்வீஸுக்கு விடும்போது குறிப்பாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றுவதற்கு முன் பட்டை எப்படிச் சுற்றுகிறது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. எஞ்சினுக்குள் மூடிக்குள்ளே இருக்கும் டைமிங் பெல்ட் வேறு; அதில் நாம் கை வைக்கக் கூடாது.

ஓட்டும்போது பேட்டரி விளக்கும் எரிந்து, சூட்டு முள்ளும் ஏறினால், 'அடுத்த ஊர் வரை போயிடலாம்' என்று நினைக்காமல் பத்திரமான இடமாகப் பார்த்து உடனே நிறுத்திவிடுங்கள். பட்டைக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். எஞ்சின் காய்ந்து போனால் ஆயிரக்கணக்கில் இழுக்கும்.

பானெட் திறந்திருக்கும்போது முந்தானை, துப்பட்டா, பின்னல் எதுவும் தொங்கக் கூடாது. குழந்தைகள் பக்கத்தில் வரவே கூடாது. மின்சார விசிறி உள்ள சில வண்டிகளில் எஞ்சினை நிறுத்திய பிறகும் விசிறி திடீரென்று சுற்றும்.

ரேடியேட்டர் வெந்நீர் யார் மேலாவது பட்டுவிட்டால், இருபது நிமிஷம் சாதாரணத் தண்ணீரைச் சிறுதாரையாக விட்டுக்கொண்டே இருங்கள். வளையல், மோதிரத்தை உடனே கழற்றிவிடுங்கள். ஐஸ், இங்க், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடி டாக்டரிடம் காட்டுங்கள். முகத்தில் பட்டாலும், குழந்தை மேல் பட்டாலும் தாமதமே கூடாது.

கொழுக்குமலைக்கு ஒரு முறை குடும்பத்தோடு போய் வாருங்கள். பட்டையைப் பார்த்துவிட்டு ஏறினால், பள்ளத்தைப் பார்த்துப் பயப்படாமல் மேகத்தைப் பார்த்து ரசிக்கலாம்.